மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

சென்னையிலிருந்து ஆகாய விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்த ஒன்றேகால் மணிக்காகத் தமிழ்க் குடும்பங்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்தன!

சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது மதுரையா, யாழ்ப்பாணமா?

யாரைக் கேட்டாலும், "இது என்ன கேள்வி? மதுரைதான்!" என்பார்கள். மதுரை நம் ஊர். ரயில் இருக்கிறது. பஸ் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் விடிகாலையில் இறங்கிவிடலாம். யாழ்ப்பாணம் அப்படியா? அது வேறு நாடு. நடுவில் கடல் கிடக்கிறது. பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும்.

ஆனால் தேசப்படத்தை விரித்து, அளவுகோலை வைத்துப் பார்த்தால் பதில் மாறிவிடும்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து, யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி விமான நிலையத்துக்கு சுமார் 355 கிலோமீட்டர்தான். மதுரையைவிட அறுபது கிலோமீட்டர் குறைவு!

ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? இந்தக் கணக்கைப் போட விஞ்ஞானி வேண்டியதில்லை. நான்காம் வகுப்புக் கழித்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

பென்சிலும் காகிதமும் போதும்!

பூமிப் பந்தின்மேல் படுக்கை வாட்டத்தில் கோடுகள் போட்டிருப்பதைப் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் பார்த்திருப்பீர்கள். அவைதான் அட்சரேகைகள். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அவை சொல்லும். ஒரு மணியை அறுபது நிமிடமாகப் பிரிப்பதுபோல, ஒரு டிகிரியையும் அறுபது நிமிடமாகப் பிரித்திருக்கிறார்கள்.

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் அல்லது கடலில் ஒரு கடல் மைல். கப்பல்காரர்கள் கண்டுபிடித்த அளவு இது. விமானிகளும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

மீனம்பாக்கம் இருப்பது 12 டிகிரி 59 நிமிடம் வடக்கே. பலாலி இருப்பது 9 டிகிரி 47 நிமிடம் வடக்கே. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 3 டிகிரி 12 நிமிடம் வருகிறது. மூன்று டிகிரிக்கு 180 நிமிடம். அதோடு 12 சேர்த்தால் 192 நிமிடம். ஆகவே தூரம் 192 கடல் மைல். அதை 1.852-ஆல் பெருக்கினால் 355 கிலோமீட்டரும் கொஞ்சமும். பழைய மைல் கணக்கில் சுமார் 221 மைல்.

எந்த இரண்டு ஊருக்கும் இப்படிக் கழித்தால் போதுமா? போதாது. ஒன்றுக்கு ஒன்று நேர் வடக்கு தெற்காக இருக்கும் ஊர்களுக்குத்தான் இது சரிப்படும். சென்னையும் பலாலியும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. இரண்டுமே 80-வது தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. சென்னையில் தெற்கு நோக்கி நின்று மூக்குக்கு நேரே கடலைத் தாண்டிப் போனால் யாழ்ப்பாணம் வந்துவிடும்!

மதுரையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. ஆனால் மதுரை மேற்கே வெகுவாக விலகி நிற்கிறது. சென்னையிலிருந்து அங்கே போவது சாய்ந்த வழி. சாய்ந்த வழி எப்போதும் நேர்வழியைவிட நீளம். மதுரை தோற்றுப் போனதன் ரகசியம் இவ்வளவுதான்.

அரை மணி எங்கே போகிறது?

தூரம் தெரிந்துவிட்டது. நேரம்?

சென்னைக்கும் பலாலிக்கும் இடையே 2019 முதல் அமர்த்தப்பட்ட விமானம் ஏ.டி.ஆர். 72 என்ற வகை. இரண்டு இறக்கைகளிலும் பெரிய விசிறிகள் சுழலும். சுமார் எழுபது பேர் உட்காரலாம். ஜெட் விமானம்போல நீண்ட ஓடுபாதை கேட்காது. நடுவானில் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

355 கிலோமீட்டரை 500-ஆல் வகுத்தால் முக்கால் மணிக்கும் குறைவாக வருகிறது. ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணி என்று போடுகிறார்கள். மீதி அரை மணி எங்கே போயிற்று?

விமானம் நிற்கும்போது உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பதுபோல! அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ளதே பிரயாண நேரம். வானில் பறக்கும் நேரம் அதில் ஒரு பகுதிதான்.

மீனம்பாக்கம் எந்நேரமும் சந்தடியாக இருக்கும் இடம். விமானம் நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போகவேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை வரிசையில் காத்திருக்கவேண்டும். பிறகு மேலே ஏறவேண்டும். ஏறும்போது முழு வேகம் வராது. பலாலி நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, தாழ்ந்து, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்கவேண்டும். அரை மணி இப்படித்தான் செலவாகிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஐம்பது கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் 500 கிலோமீட்டர் விமானம் தரைக் கணக்கில் 450-தான் போகும். அதே காற்று முதுகில் தள்ளினால் 550 போகும். இந்தச் சிறிய தூரத்திலேயே ஏழெட்டு நிமிடம் வித்தியாசம் வந்துவிடும். ஒரே வழியில் போகும்போது ஒரு நேரமும் வரும்போது ஒரு நேரமும் ஆவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானாலோ, சொல்லவே வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம் சுமார் 645 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். ஆனால் பெரிய ஜெட் விமானம் அந்தத் தூரத்தையும் ஒன்றரை மணிக்குள் முடித்துவிடுகிறது. தூரம் இரண்டு மடங்கு. நேரம் பத்துப் பதினைந்து நிமிடமே அதிகம்! ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் கிட்டத்தில் போகும் விமானத்துக்கும் உண்டு, எட்டத்தில் போகும் விமானத்துக்கும் உண்டு. வேகம் நடுவானில்தான் பேசும்.

கைக்கடிகாரத்தைத் தொடவேண்டாம்

வெளிநாடு போனால் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கவேண்டும் என்பார்கள். யாழ்ப்பாணம் போகிறவருக்கு அந்த வேலை இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே நேரம்தான்.

இடையில் சில வருஷம் அப்படி இல்லை. 1996-ல் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதே ஆண்டில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில் பழையபடி இந்திய நேரத்துக்கே வந்தது. ஆகவே பகல் இரண்டு மணிக்குக் கிளம்பி மூன்றேகாலுக்கு இறங்கினால், கடிகாரம் காட்டுவதுதான் உண்மையான பிரயாண நேரம். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

விமானம் தெற்கே போகிறது. அதனால் வலப்பக்க ஜன்னலில் தமிழ்நாட்டுக் கரை. இடப்பக்க ஜன்னலில் வங்கக் கடல். நேர்கோடு போட்டுப் பார்த்தால், மாமல்லபுரத்தைத் தாண்டியதும் வழி கடலுக்கு மேலே விலகிவிடுகிறது. வலப்பக்கம் தூரத்தில் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், கோடியக்கரை. அதன் பிறகு பாக் நீரிணை. கொஞ்ச நேரத்தில் பனங்காடும் சிவந்த மண்ணும். அதுதான் யாழ்ப்பாணம்.

பாய்மரக் காலத்திலேயே வந்தார்கள்

இந்த வழி நேற்று வந்ததல்ல. விமானம் வருவதற்கு முன்பே, ரயில் வருவதற்கும் முன்பே, யாழ்ப்பாணத்தார் தமிழ்நாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்க 1849-ல் சென்னைக்கு வந்தார். அந்தப் பிரயாணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. பின்னாளில் சிதம்பரத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடமும் நிறுவினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்ற இருவர் யார் தெரியுமா? ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை. மற்றவர் பழைய தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தார்! அவர்கள் வந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்டதில்லை. காற்று எப்போது கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அப்போது கரை.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதோடு புகழ்பெற்ற 'போட் மெயில்' வந்தது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல். இருபது மைலுக்குச் சற்று மேல் கடல். அக்கரையில் தலைமன்னார். மறுபடி ரயில். மதவாச்சியில் இறங்கி வடக்கே போகும் ரயிலுக்கு மாறினால் யாழ்ப்பாணம். கையில் ஒரே டிக்கெட், இரண்டு நாட்டு ரயில், நடுவில் ஒரு கப்பல்!

1964 டிசம்பரில் அடித்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயில் வண்டியே கடலில் போயிற்று. அதன் பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் அதுவும் நின்றது.

சீதாதேவி பறந்தாள்!

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்காகக் கட்டப்பட்டது. யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது. போர் முடிந்தது. குண்டு போட வந்த தளம் பிரயாணிகளுக்குத் திறந்தது.

1947 டிசம்பர் 10-ந் தேதி 'ஏர் சிலோன்' கம்பெனி தன் முதல் விமானத்தை விட்டது. எந்த ஊருக்கு? கொழும்பு ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு! இலங்கையின் முதல் விமானக் கம்பெனி முதன்முதலில் தேர்ந்தெடுத்த வழியே இதுதான்.

டக்கோட்டா என்ற விமானம் அது. போரில் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற வகை. அந்தக் கம்பெனியின் டக்கோட்டாக்களுக்குத் தேவிகளின் பெயர்களை வைத்தார்கள். ஒன்றின் பெயர் 'சீதாதேவி'. ராமாயணத்தில் இலங்கைக்கும் நம் நாட்டுக்கும் நடுவே வானில் போன அதே பெயர்!

அந்த நாளில் சென்னை யாழ்ப்பாணத்தாருக்குப் பக்கத்து வீடு. கலியாணச் சேலை எடுக்க வருவார்கள். கல்லூரியில் படிக்க வருவார்கள். சிதம்பரம் தரிசனத்துக்கு வருவார்கள். புதுப் படம் பார்க்கவும் வந்தார்கள் என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஒரு மணி நேர வழி ஒரு நாள் ஆயிற்று

1979-ல் ஏர் சிலோன் கம்பெனி மூடப்பட்டது. 1983 ஜூலையில் கலவரம். பிறகு போர். பலாலி முழுக்க முழுக்க ராணுவத் தளம் ஆயிற்று. 1987-ல் இந்திய அமைதிப் படை அங்கேதான் வந்து இறங்கியது. விமானங்கள் வந்தன, போயின. ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கையில் பலகாரப் பெட்டியோடு மகளைப் பார்க்கப் போகும் பிரயாணி அவற்றில் இல்லை.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அம்மா சுன்னாகத்தில். மகள் வாழ்க்கைப்பட்டுச் சென்னையில். மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. அம்மா போகவேண்டும்.

போருக்கு முன்பானால் வீட்டிலிருந்து பலாலிக்கு ஒரு கார். அங்கிருந்து 355 கிலோமீட்டர். தீர்ந்தது.

போருக்குப் பின்? அம்மா முதலில் தெற்கே போகவேண்டும். மகள் இருப்பது வடக்கே. அம்மா போவது தெற்கே! கொழும்புக்குத் தரை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அங்கே கட்டுநாயக்காவில் விமானம் ஏறி வடக்கே திரும்பி 645 கிலோமீட்டர். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. மூன்று மடங்கு வழி!

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. மறுபடியும் தேசப்படத்தை எடுங்கள். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு எங்கே போகிறது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே போகிறது! 290 கிலோமீட்டர் பறந்தால் பலாலி. இன்னும் 355 பறந்தால் சென்னை. இரண்டையும் கூட்டினால் அதே 645. நேர்கோட்டில் பறக்கும் விமானம் என்றால், இரண்டு நாளைக்கு முன் தான் பூட்டிவிட்டு வந்த வீட்டின் மேலேயே அந்த அம்மா பறந்து போவார்!

அந்த 400 கிலோமீட்டர் தரை வழியும் சும்மா இல்லை. 1990-ல் ரயில் நின்றது. சாலை அடைபட்டது. கிளாலிக் கடலேரியை ராத்திரி இருட்டில் படகில் கடந்தார்கள். குண்டுக்குப் பலியானவர்கள் உண்டு. 1998 செப்டம்பர் 29-ந் தேதி பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய பிரயாணி விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். 2002-ல் போர் நிறுத்த ஒப்பந்தத்தோடு ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகுதான் நிலையாகத் திறந்தது. ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 அக்டோபரில்.

கொழும்புக்குப் போக வழியற்றவர்கள் படகேறினார்கள். ஆயிரக்கணக்கில் ராமேசுவரம் கரையில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் அவர்களால் நிறைந்தது. கடல் குறுகலாக இருந்தது ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த துணை.

ஓடுபாதையைச் சுற்றி ஊர்கள்

பலாலி என்பது வெறும் விமானத் தளத்தின் பெயர் அல்ல. அது ஓர் ஊர். சுற்றிலும் மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் என்று பல ஊர்கள். செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள். கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுப் பயிர் வளர்த்த மக்கள்.

1990-ல் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினார்கள். விமானத் தளத்தைச் சுற்றியிருந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. சில நாளில் திரும்பிவிடலாம் என்று போனவர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் காலம் தள்ளினார்கள்.

போருக்குப் பிறகு நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. போய்ப் பார்த்தவர்களில் சிலருக்கு வீடு இருந்த இடமே அடையாளம் தெரியவில்லை. கிணற்றை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்னும் தங்கள் காணி கைக்கு வராத குடும்பங்களும் உண்டு. விமான நிலையம் வளரவேண்டும் என்பார் ஒருவர். எங்கள் தோட்டம் எங்களுக்கு வேண்டும் என்பார் மற்றொருவர். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தாரே. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மறுபடி விசிறி சுழன்றது

2019 அக்டோபர் 17-ந் தேதி பலாலி, 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற புதுப் பெயரோடு திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த விமானம் அன்று அங்கே இறங்கியது. அதே ஆண்டு நவம்பர் 11-ந் தேதி 'அலையன்ஸ் ஏர்' கம்பெனி பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது.

ஜனங்களின் மகிழ்ச்சி நாலே மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்து உலகத்தையே பூட்டியது. பலாலியும் மூடியது. பிறகு இலங்கையில் பணக் கஷ்டம். பெட்ரோலுக்கு வரிசை. 2022 டிசம்பர் 12-ந் தேதிதான் சென்னை விமானம் மறுபடி வந்தது.

2024 செப்டம்பர் 1-ந் தேதி 'இண்டிகோ' கம்பெனியும் இந்த வழியில் விமானம் விட்டது. 2025 மார்ச் மாதக் கடைசியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் கிளம்பியது. திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர்தான். சென்னை தூரத்தில் பாதி!

கடல் வழியும் திரும்பி வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிக் கப்பல் தொடங்கப்பட்டது. சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. பிரயாணம் சுமார் நான்கு மணி நேரம்.  

வீட்டுக்கு வீடு கணக்குப் பாருங்கள்

அட்டவணையில் ஒன்றேகால் மணி என்று போட்டிருந்தாலும் அது விமானத்தின் கணக்கு. மனிதரின் கணக்கு வேறு.

இது வெளிநாட்டுப் பிரயாணம். ஆகவே இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்கவேண்டும். டிக்கெட், மூட்டை, பாஸ்போர்ட், சுங்கம் என்று வரிசை வரிசையாக நிற்கவேண்டும். இறங்கிய ஊரிலும் பாஸ்போர்ட், மூட்டை, சுங்கம். பிறகு வீட்டுக்கு வண்டி. எல்லாம் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஆறு, ஏழு மணி நேரம் ஆகலாம்.

போகிறவர்கள் கவனிக்கவேண்டியவை சில:

விசிறி விமானம் சிறியது. பெரிய விமானத்தில் போன பழக்கத்தில் மூட்டைகளை அடுக்கிவிடக் கூடாது. எவ்வளவு எடை அனுமதி என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இலங்கைக்குள் நுழைய அனுமதி பெறவேண்டும். அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கு இந்திய விசா வேண்டும். அதற்காகக் கொழும்புவரை ஓடவேண்டாம் என்று யாழ்ப்பாணத்திலேயே 2010-ல் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது.

டிக்கெட்டிலும் மூட்டையில் கட்டும் சீட்டிலும் ஊரின் பெயர் மூன்றே எழுத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு 'ஜே.ஏ.எஃப்.' சென்னைக்கு 'எம்.ஏ.ஏ.' ஏன் எம்.ஏ.ஏ.? நகரத்தின் பெயர் 1996-ல் சென்னை என்று ஆகிவிட்டது. ஆனால் விமான உலகத்துக்கு அது இன்றும் பழைய 'மெட்ராஸ்'தான்!

மழைக்காலத்தில் நேரம் தவறலாம். விமானமே ரத்தாகவும் செய்யலாம். முகூர்த்த நாளன்று காலையில் போய் இறங்கலாம் என்று நினைக்காமல், ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவது புத்திசாலித்தனம்.

அம்மம்மாவும் பேரனும்

ஆறு மணி நேரமோ, ஏழு மணி நேரமோ! சுன்னாகத்து அம்மாவுக்கு அது பெரிதல்ல. தெற்கே ஒரு நாள் போய், வடக்கே ஒரு நாள் திரும்பியவர் அவர். காலையில் தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குளித்தவர், ராத்திரி சென்னையில் பேரனை மடியில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அவருக்கு வேறு என்ன வேண்டும்? சென்னைப் பிள்ளைகள் 'பாட்டி' என்பார்கள். யாழ்ப்பாணத்து மகளின் பிள்ளை 'அம்மம்மா' என்று அழைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வைத்தியத்துக்கு வருகிறவர் உண்டு. படிக்க வருகிறவர் உண்டு. சிதம்பரத்துக்கும் திருச்செந்தூருக்கும் வேண்டுதலோடு வருகிறவர் உண்டு. இங்கிருந்து நல்லூர்த் தேருக்குப் போகிறவர் உண்டு. போரின்போது படகில் வந்து, இங்கேயே வயதாகி, பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஏங்குகிறவரும் உண்டு. இவர்கள் யாரும் விமானத்தின் வேகத்தைக் கேட்பதில்லை. "போனால் திரும்பி வரலாமா? விமானம் நின்றுவிடாதே?" என்றுதான் கேட்கிறார்கள். பலமுறை நின்ற வழி அல்லவா!

1947-ல் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே 192 கடல் மைல். குண்டு விழுந்த 1990-லும் 192 கடல் மைல். இன்றும் அதே 192. கடல் ஓர் அங்குலம்கூட அகலவில்லை. பூமி யாரையும் தள்ளி வைக்கவில்லை. தள்ளி வைத்தவர்கள் மனிதர்கள். பக்கத்தில் கொண்டுவந்தவர்களும் மனிதர்களே.

மனிதர் மனசு வைத்தால் ஒன்றேகால் மணி. மனசு கெட்டால் ஒன்றேகால் மணி நாற்பது ஆண்டாகவும் நீளும். யாழ்ப்பாண விமானம் நமக்குச் சொல்லித் தரும் பாடம் இதுதான்.